தாய்மாமன் உட்காரும் நாற்காலி

போன தீபாவளி மதியம் வரைக்கும் எங்கள் மாமாவுக்கு நான் 'டேய்'. அன்று சாயங்காலத்திலிருந்து 'தம்பி, நீங்க'. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதும்போதே காது சூடாகிறது.

அம்மாவும் அப்பாவும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர்கள். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் கப்பல்களுக்குச் சாயம் அடித்தார். அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவினார். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். உயிரியல் படித்தேன். பட்டம் வாங்கிய படம் புக்கிட் மேரா வீட்டின் கூடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அம்மா தினமும் முருகனுக்குப் பூ வைக்கும்போது கை தவறி ஒரு பூ எனக்கும் விழும். கை தவறித்தான் என்று அம்மா சொல்வார்.

படித்த படிப்பை வீட்டில் வைத்து ரொம்பவும் பயன்படுத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பேன். அம்மா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ சொன்ன கஷாயத்தைக் குடிக்க ஆரம்பித்தபோது சண்டை போட்டு மறுபடி மாத்திரை போடவைத்தேன். கொசு முட்டையிடும் என்று பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டவைத்தேன். அந்த விஷயங்களில் நான் சொன்னது சரி. இன்றும் சரிதான். ஆனால் சரியாக இருந்து பழகிவிட்டால் ஒரு ஆபத்து வந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்த ஒரே வாசல் வழியாகத்தான் எல்லா உண்மையும் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கத் தொடங்குகிறோம். சோதித்துப் பார்க்க முடிந்தால் உண்மை, முடியாவிட்டால் வெறும் பேச்சு. நான் அப்படித்தான் இருந்தேன். அதைத் தைரியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். உட்லண்ட்ஸில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை. எனக்கும் அக்காவுக்கும் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்காரவைத்துக் குத்தினார்கள். என் காது மடலில் துளை தூர்ந்துபோய் ஒரு சின்னத் தழும்பாக இருக்கிறது. அக்கா வயதுக்கு வந்தபோது மாமன் சீர் அவர் செய்தார். அக்கா கல்யாணத்தில் மாமன் மாலை அவர் போட்டார். அப்பா இறந்தபோது அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தவரும் அவர்தான். புருஷனை இழந்தவளுக்கு அவளுடைய கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போடுகிற சேலை அது. அதை அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். நானும் கூடப் போவேன். சிராங்கூன் ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் பிடித்தார். "டேய், பாத்துடா, பஸ் வருதுலா" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். கையை உதறிக்கொள்வேன். அடுத்த வாரம் மறுபடியும் பிடிப்பார்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எச்சிலை வைத்து மரபணுச் சோதனை செய்கிறோம். ஆட்கள் சின்னக் குழாயில் துப்பி அனுப்புவார்கள். எந்த வட்டாரத்து முன்னோர், யார் யாருக்கு இரத்த உறவு என்று அறிக்கை போகும். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரு வேடிக்கையாக இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோரையும் துப்பவைத்தேன். வேடிக்கை மட்டும் காரணமில்லை. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மாவுக்கும் அந்த வருஷம் சர்க்கரை லேசாக ஏறியிருந்தது. 'அண்ணனுக்கும் இருக்கு, குடும்ப நோய்' என்று அரசு பாலிகிளினிக்கில் டாக்டரிடம் நானே சொல்லியிருந்தேன். அதை எழுத்தில் பார்க்கவேண்டும் என்று ஓர் ஆசை.

மாமா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல என்னடா தெரியும்?"

"நாம எங்கேருந்து வந்தோம்னு தெரியும் மாமா."

"அதான் தெரியுமே. ஏர்போர்ட்லேருந்து."

அம்மா சிரித்தார். அவர்கள் இரண்டு பேருக்குமே அந்தக் குழாய் எதைக் காட்டும் என்று சரியாகத் தெரியாது. நானும் முழுதாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கம் விளக்கம் வைத்து, கையெழுத்து வாங்கித்தான் அனுப்புவோம். சொந்த வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தீபாவளியன்று அக்காவின் புகுந்த வீட்டாரும் சாப்பிட வந்திருந்தார்கள். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மாதிரி. கொஞ்சம் சம்பிரதாயம் பார்ப்பவர். அக்காவின் பெண் குழந்தைக்கு அடுத்த மாதம் தேக்காவில் காது குத்துவதாகப் பேச்சு. மாமா அதற்குத் தோடு வாங்கி, சின்னச் சிவப்பு டப்பாவில் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். காது குத்தும்போது அக்கா குழந்தைக்குத் தாய்மாமன் நான்தான். ஆனாலும் முதல் தோடு தன் கையால் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. டப்பாவைத் திறந்து அத்தையிடம் காட்டினார். அத்தையும் பார்த்துவிட்டு, "மாமா இருக்கிற வீடு மாமா இருக்கிற வீடுதான்" என்றார்.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியிலிருந்த அறிக்கையை டிவியில் போட்டேன். அதுவரை நானே திறந்து பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தேன். முதலில் முன்னோர் வரைபடம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த பக்கத்தில் உறவுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். உறவுள்ளவர்களுக்கு நடுவே கோடு. அம்மாவுக்கும் எனக்கும் கோடு. அக்காவுக்கும் எனக்கும் கோடு. மாமாவின் வட்டம் ஓரத்தில் தனியாக நின்றது.

"மாமாவுக்கு மட்டும் ஏன் கோடு போடல?" என்று அத்தை சும்மாதான் கேட்டார்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெஷினுக்கும் தீபாவளி லீவு போல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் போதும். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தால் போதும். அவர் எனக்கு வழி திறந்துவிட்டார். நான் அந்த வழியில் போகவில்லை. என் வேலையைப் பற்றிய கேலி என்று எடுத்துக்கொண்டேன். "இல்ல மாமா, இதுல தப்பு வர வாய்ப்பே இல்ல" என்று ஆரம்பித்தேன். கூடப்பிறந்தவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகவேண்டும், பெரியப்பா பிள்ளைகள் என்றால் எவ்வளவு, தூரத்து உறவு என்றால் எவ்வளவு என்று எழுந்து நின்று, டிவியில் விரல் வைத்து விளக்கினேன். இங்கே ஒன்றுமே இல்லை என்றேன். வகுப்பில் நல்ல மாணவன் பதில் சொல்வதுபோலச் சொன்னேன்.

அம்மா, "போதும்டா, சாப்பிடு" என்றார். அவரும் ஒரு வழி திறந்தார்.

நான் அம்மா பக்கம் திரும்பி, "அப்ப இத்தனை வருஷமா சொன்னது பொய்யாம்மா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியில் எனக்குக் கோபம்கூட இல்லை. தகவல் சரிபார்ப்பதுபோலத்தான் கேட்டேன். அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

அத்தை என் அக்காவைப் பார்த்தார். "அப்ப கல்யாணத்துல மாமன் மாலை போட்டது..." என்று தொடங்கி, முடிக்காமல் தண்ணீர் குடித்தார்.

மாமா எழுந்து கை கழுவினார். இலையில் பாதிச் சோறு இருந்தது. சாப்பாட்டை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை அவர். நாங்கள் தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் திட்டுவார். "வேலை இருக்கு, செடிக்குத் தண்ணி விடணும்" என்றார். தீபாவளியன்று. சிவப்பு டப்பா சட்டைப் பைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "வரேன் தம்பி, நீங்க சாப்பிடுங்க" என்றார்.

சம்பந்தி வீட்டார் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார். என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாததையாடா நீ கண்டுபிடிச்ச?"

கல்யாணத்துக்கு அம்மா தனியாகத்தான் இங்கே வந்திறங்கினாராம். ஊரிலிருந்து யாரும் வரமுடியவில்லை. கோயிலில் பொரி போடுகிற சடங்கு வந்தது. பெண்ணின் அண்ணனோ தம்பியோதான் பெண் கையில் பொரியை அள்ளிக் கொடுக்கவேண்டும். ஐயர் நிமிர்ந்து, "பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாரு?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் பின்னாலிருந்து, "நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஐயர் முன்னாடி, அக்கினி முன்னாடி அண்ணனா வந்தவரு. உன் பிளாஸ்டிக் குழாயில வந்து அவரு அண்ணனா ஆகணுமா?"

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"என்னன்னு சொல்றது? அண்ணன் இல்லைன்னா? அப்படிச் சொன்னாத்தான்டா அது பொய்."

அன்று இரவு முழுக்க என் நினைவில் தேடிப் பார்த்தேன். 'ஒரே வயிற்றில் பிறந்தோம்' என்று அம்மாவோ மாமாவோ எப்போதாவது சொன்னார்களா? ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. 'என் அண்ணன்' என்றார் அம்மா. 'என் தங்கச்சி' என்றார் மாமா. மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

சோதனையைக் குறை சொல்லமாட்டேன். அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது. டாக்டரிடம் போய், மாமாவின் சர்க்கரையை அம்மாவின் குடும்ப நோயாகக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று திருத்திச் சொன்னேன். அந்த அளவுக்கு அந்தப் பதிலுக்குப் பயன் இருந்தது. ஆனால் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ஒரு பத்தி இருக்கும். இந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று. அதை எழுதித் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவு கவனமாக எழுதுகிறவன், அம்மாவின் கூடத்தில் அந்தப் பத்தியை மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் புதிதாக வந்த எச்சிலைச் சோதிக்கும்போது, விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றையும் கூடவே வைத்துச் சோதிப்போம். அது சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவோம். விடை தெரிந்த இரண்டு பேர் அன்று என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் சொல்வது எனக்கு ஆதாரமாகவே படவில்லை. என் அறிவியலில் இருந்த குறை அல்ல இது. அறிவியலைத் தவிர மற்ற எதுவும் அறிவே இல்லை என்ற என் நினைப்பில் இருந்த குறை. அந்த நினைப்பை எந்த ஆய்வுக்கூடத்திலும் யாரும் சோதித்துக் காட்டியதில்லை. ஆதாரமே கேட்காமல் நான் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

மாமா அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. ஃபோன் செய்தால், "ஓவர்டைம் தம்பி" என்றார். அம்மா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். காது குத்துகிற நாள் நெருங்கியது. "அண்ணன் வராம நான் வரமாட்டேன்" என்று அம்மா அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம், "நீ போய்க் கூட்டிட்டு வா. எப்படியோ பேசு. படிச்சவன்தானே" என்றாள்.

கிராஞ்சிக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். வெயிலில் நின்று, ஏறி, இறங்கி, பண்ணைக்குள் நடந்தேன். சின்ன வயதில் அங்கே போனால், "டேய், அந்த உர மூட்டையைத் தூக்குடா, சும்மா நிக்காதே" என்பார். அன்று என்னைப் பார்த்ததும் துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க தம்பி. உக்காருங்க. என்ன குடிக்கிறீங்க?"

நான் உட்காரவில்லை. "மாமா, மன்னிச்சிருங்க. நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

"எதுக்குத் தம்பி? நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க." கேலி இல்லை. குரலில் குத்தலும் இல்லை. செடித் தொட்டிகளை ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாற்றிக்கொண்டே பேசினார். "நான்தான் மறந்தே போயிட்டேன்."

"என்ன மாமா?"

"கூடப் பொறக்கலைங்கிறதை. நிஜமா மறந்துட்டேன் தம்பி. நீங்க டிவியில காட்டினப்பதான் ஞாபகம் வந்துச்சு."

ஒரு மனிதன் முழுதாக மறந்துபோன ஒன்றை நான் மெனக்கெட்டுத் தோண்டி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

"காது குத்துக்கு வாங்க மாமா."

"சம்பந்தி வீட்டுக்காரங்க இருப்பாங்களே. நான் எந்த முறையில வந்து நிக்கிறது, சொல்லுங்க."

'எங்க மாமா முறையில' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவர் யார், யார் இல்லை என்று அவருக்கே ஒருமுறை அறிவித்தவன் நான். இப்போது அதே வாயால் திரும்பவும் பதவி கொடுப்பதுபோல இருந்தது. அவர் பண்ணைப் பையன் ஒருவனைக் குளிர்பானம் வாங்கிவரச் சொல்லி, திறந்து, என் கையில் கொடுத்தார். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "வரமாட்டாங்கபோல" என்றேன். அம்மா என் கைப்பேசியை வாங்கி அவரைக் கூப்பிட்டார். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, எனக்குக் கோடி போட்டது யாரு?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. "அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காது குத்துகிற அன்று தேக்காவில் நகைக்கடையின் பின்பக்கத்து அறையில் கூடியிருந்தோம். ஒரே ஒரு நாற்காலி. எதிரே காது குத்துகிற பத்தர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, ஊசிக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஏற்கெனவே சிணுங்க ஆரம்பித்திருந்தது. மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கடைக்குள் வந்தவர் வாசலை ஒட்டியே நின்றுகொண்டார். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றார்.

அத்தை அவரைப் பார்த்து, "வாங்க" என்றார். முறை சொல்லிக் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் 'அண்ணே' என்பார்.

மாமா சட்டைப் பையிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்தார். என்னிடம் வந்து மெதுவாக, "தம்பி, நீங்க கொடுங்க. உங்க கையால கொடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். மற்றவர்கள் கேட்காத குரலில் சொன்னார். நான் வாங்கியதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

நான் டப்பாவைப் பத்தரிடம் நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க மாமா வாங்கினது" என்றேன். குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. பத்தருக்கு அது ஒரு விஷயமே இல்லை. தோட்டைத் திருப்பிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார். பிறகு நிமிர்ந்து, "சரி, தாய்மாமா யாரு? வந்து உக்காருங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தச் சோதனை வைத்துப் பார்த்தாலும் அந்த நாற்காலி எனக்குரியது. அக்காவுக்கும் எனக்கும் நடுவே டிவியில் தடிமனான கோடு வந்ததே.

"எங்க மாமா உக்காரட்டும்" என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் அவங்கதான் உக்காந்தாங்க."

மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது முறை இல்ல தம்பி. நீங்கதான் தாய்மாமன். அதுல சந்தேகமே இல்லையே. உக்காருங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரியாதவர். அதனால் எனக்குத் தப்பிக்கவும் வழியில்லாமல் போயிற்று. உட்கார்ந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை திமிறியது. எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இறுக்கினால் அழுதது, தளர்த்தினால் நழுவியது. "தலை ஆடக்கூடாதுங்க" என்று பத்தர் சொன்னார். நாற்காலிக்குப் பின்னால் மாமா வந்து நின்றார். குனிந்து, உள்ளங்கைகளைக் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் வைத்தார். மண் வாடை அடித்தது. "தம்பி, நீங்க கையை மட்டும் பிடிச்சுக்குங்க" என்றார்.

ஒரு காது. பிறகு மறு காது. குழந்தை கத்தியதில் என் சட்டை நனைந்தது. மாமா அதன் காதோரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் காது குத்தியபோதும் இதையேதான் முணுமுணுத்திருப்பார். என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. இப்போதும் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய கை என் தோளுக்கு மிக அருகில் இருந்தது. தோளில் படாமல் பார்த்துக்கொண்டார்.

முடிந்ததும் அம்மா, "அண்ணே, வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றார்.

"வரேன்மா. மீன் வாங்கிட்டுப் போவோம்."

அத்தை சர்க்கரை டப்பாவை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்து மாமாவிடம் நின்றார். கொஞ்சம் தயங்கினார். "எடுத்துக்குங்க அண்ணே" என்றார். மாமா ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டார். அந்த அளவில் நிம்மதி.

மீன் வாங்க மாமாவும் நானும் சந்தைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிராங்கூன் ரோட்டின் ஓரத்தில் நின்றோம். பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் தோடு இருந்த காலிச் சிவப்பு டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைச் சும்மா தொங்கவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் இருந்த கை அது.

பஸ் போனது. மாமா இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வாங்க தம்பி, போகலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.